தர்மக் கணக்கில் எழுதிய 38,000 ரூபாய்: ஒரு செங்கல் சூளை விடுதலை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வட தமிழ்நாட்டில் ஒரு சிறிய சபை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நூறு பேர் வந்தால் அதிகம். அதன் வரவு செலவுக் கணக்கை நான் பார்த்து வந்தேன். இந்த நிகழ்வில் எனக்கிருந்த பொறுப்பு அவ்வளவுதான் என்று முதலில் நினைத்திருந்தேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர், ஊர், சூளையின் அடையாளம் எதையும் இங்கே எழுதவில்லை.

சபையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு செங்கல் சூளை. எங்கள் பக்கம் சேம்பர் என்போம். பொங்கல் கழிந்ததும் வேலை தொடங்கி, மழை வரும்வரை நடக்கும். மேஸ்திரி பக்கத்து மாவட்டங்களுக்குப் போய், வீட்டில் கல்யாணமோ வைத்தியச் செலவோ இருக்கிற குடும்பமாகப் பார்த்து முன்பணம் கொடுத்துக் கூட்டி வருவார். ஆயிரம் கல் அறுத்தால் இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலி கைக்கு வராது, முன்பணத்தில் கழியும் என்பார்கள். வாரம் ஒருமுறை அரிசி பருப்புக்கு மட்டும் செலவுக் காசு. சீசன் முடிவில் கணக்கு. அந்தக் கணக்கில் தொழிலாளிக்கு ஒரு ரூபாயாவது மிஞ்சியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமலும் நினைத்த இடத்துக்கு நகரவிடாமலும் வைத்திருந்தால், அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982இல் சொல்லிவிட்டது. இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ‘பாவம், கடன்பட்டவர்கள்’ என்பதுதான்.

முதல் முடிவு: பணம் கட்டி மீட்டோம்

முதல் ஆண்டு மார்ச் மாதம் சூளையிலிருந்த ஒரு வயதான தம்பதியில் கணவருக்கு உடம்பு முடியாமல் போனது. ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டதற்கு, 38,000 ரூபாய் பாக்கி இருக்கிறது என்று பதில் வந்தது. பாஸ்டர் அந்த ஞாயிறு மீட்பைப் பற்றிப் பிரசங்கித்தார். கிரயம் கொடுத்து வாங்கப்பட்டவர்கள் நாம், ஆகவே இவர்களுக்கும் கிரயம் கொடுப்போம் என்றார். மூன்று ஞாயிறு காணிக்கையில் பணம் சேர்ந்தது. ஒரு அம்மா மூக்குத்தியைக் கழற்றிப் போட்டார். நானும் இன்னொருவரும் நேரில் போய்க் கட்டினோம். ரசீது கிடையாது. கணக்குப்பிள்ளை ஒரு துண்டுச் சீட்டை எங்கள் கண் முன்னால் கிழித்துப் போட்டார். நான் வந்து தர்மக் கணக்கில் பற்று எழுதினேன்.

எல்லோருக்கும் மனநிறைவு. முதலாளிக்கும்தான். ஜூன் மாதம் சபையின் சுற்றுச்சுவருக்கு 5,000 கல் இலவசமாக அனுப்பி வைத்தார். ஆராதனையில் அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறினோம்.

இந்த முடிவு எங்கே போய் முடிந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் கட்டிய பணத்தை எடுத்துக்கொண்டு மேஸ்திரி அதே மாதம் வேறு ஊரிலிருந்து ஒரு புதுக் குடும்பத்தைக் கூட்டி வந்தார். அதே 38,000. அவரே ஒருநாள் டீக்கடையில் சிரித்துக்கொண்டு, “நீங்க குடுத்த காசுதான் சார் அது” என்றார். நாங்கள் அனுப்பி வைத்த வயதான தம்பதியோ, அடுத்த பொங்கலுக்குள் இன்னொரு சூளையில் முன்பணம் வாங்கியிருந்தார்கள். ஊரில் அவர்களுக்கு வீடும் இல்லை, ரேஷன் அட்டையும் இல்லை. விடுதலையாகிற அடிமையை வெறுங்கையோடு அனுப்பாதே, ஆட்டிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து தாராளமாகக் கொடுத்தனுப்பு என்று பைபிளில் உபாகமம் 15இல் இருக்கிறது. நாங்கள் பஸ் காசு கொடுத்தனுப்பினோம்.

இன்னொன்று. அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. 9ஆம் பிரிவுப்படி, செல்லாத அந்தக் கடனுக்காகப் பணம் வாங்குவதே தனிக் குற்றம், மூன்று வருடம் வரை சிறை. அதாவது அன்று சூளை அலுவலகத்தில் ஒரு குற்றம் நடந்தது. அதற்குப் பணம் நாங்கள் கொண்டு போனோம்.

கவனித்தவை

புதிதாக வந்த குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். கணவன், மனைவி, ஏழாவது வரை படித்த ஒரு மகள், ஒரு சிறு பையன். மனைவி பிறந்த வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். சூளையில் ஏற்கெனவே இருந்த இரண்டு இருளர் குடும்பங்களும் எங்கள் சபைக்கு வருபவர்கள்தான், ஏரியில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். மூன்று குடும்பமும் மாதம் ஒருமுறை திருவிருந்துக்கு ஒரே வரிசையில் நிற்கும்.

முதல் சீசன் முடிவில் புதுக் குடும்பத்துக்கு 28,000 பாக்கி என்றார்கள். ஊருக்கு விடவில்லை. மழைக்காலத்தில் மரம் வெட்ட வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். பையனின் வைத்தியத்துக்கு இன்னும் 17,000 கொடுத்து, இரண்டாம் ஆண்டு ஜனவரியில் 45,000 முன்பணம் என்று எழுதிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அந்தக் குடும்பத்தின் தாயான பெண் எப்போதாவது வருவார். இரவு ஒரு மணிக்கு எழுந்து மண் மிதிக்கிறவருக்கு உபவாசம் எதற்கு என்று எனக்குத் தோன்றும். அவருடைய ஜெபம் மற்றவர்களுடையதைப் போல இருக்காது. நோய் தீரக் கேட்கமாட்டார், ஆசீர்வாதம் கேட்கமாட்டார். “ஆண்டவரே, எங்க கல்லை நீங்களே எண்ணிக்குங்க” என்பார். அவ்வளவுதான். எங்களில் சிலருக்கு அது விசித்திரமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் வழக்கம்போல, “பொறுமையா இருங்கம்மா, கர்த்தர் பார்த்துக்குவார்” என்றார்கள்.

பிப்ரவரியில் பைபிளின் யாத்திராகமம் 5ஆம் அதிகாரம் பாடமாக வந்தது. எகிப்து அரசன் பார்வோன், அடிமைகளான இஸ்ரவேலருக்கு வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் கேட்கிற பகுதி. எனக்கு அது பழைய கதை. சூளைக்காரர்களுக்கு அது நேற்று நடந்தது. எண்ணிக்கை குறைந்ததற்கு இஸ்ரவேலின் மேஸ்திரிகளை அடித்தார்கள் என்று வாசித்தபோது, பின்வரிசையில் இருந்து, “நம்ம கணக்குப்பிள்ளையேதான்” என்று ஒரு குரல். சபை சிரித்தது. பாஸ்டர் சிரிக்கவில்லை. அந்த வாரமே என்னைக் கூப்பிட்டு, “பார்வோனுக்கு யாருங்க பணம் கட்டினது?” என்று கேட்டார்.

அப்புறம்தான் நான் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் மகள் பழைய பள்ளி நோட்டு ஒன்றில் தினமும் அறுத்த கல்லை எழுதி வைத்திருந்தாள். அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. மேஸ்திரி கூலிக்கு எண்ணும்போது உடைசல், கோணல் என்று தள்ளுவார். இந்த நோட்டில் உடைசல் போக மீதிதான் இருந்தது.

ஜனவரி 17 முதல் ஏப்ரல் 30 வரை 88 நாள் வேலை. மொத்தம் 83,600 கல். ஆயிரத்துக்கு 700 வீதம் 58,520 ரூபாய். செலவுக் காசு வாரம் 600, பதினைந்து வாரத்துக்கு 9,000. முன்பணம் 45,000. இரண்டும் சேர்ந்து 54,000. அவர்கள் சொன்ன கூலியை, அவர்கள் எழுதிக்கொண்ட முன்பணத்தை, முந்தைய சீசன் பாக்கி உட்பட, அப்படியே ஒத்துக்கொண்டாலும் முதலாளிதான் 4,520 ரூபாய் தர வேண்டும். சூளைக் கணக்கில் அதே தேதியில் இந்தக் குடும்பத்தின் பேரில் 31,000 பாக்கி.

இரண்டு மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

இரண்டாவது முடிவும் அதற்கு முந்தைய தவறும்

ஒழுங்காகச் சொல்வதென்றால் இதற்கு நடுவில் ஒரு தவறு நடந்தது. மார்ச் மாதமே சபை மூப்பர்கள் இருவர், நல்லெண்ணத்தோடு, முதலாளியிடம் போய்ப் பேசினார்கள். சூளைக் குடும்பங்களைக் கேட்கவில்லை. முதலாளி டீ கொடுத்து அனுப்பினார். மறுநாளே, குடும்பத்துக்குத் தினம் 1,000 கல் என்றிருந்தது 1,300 ஆனது. செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு இருளர் குடும்பத்தின் மூத்த பையனை வேறொரு களத்துக்கு மாற்றினார்கள். யாத்திராகமத்திலும் மோசே பார்வோனிடம் பேசிய பிறகுதான் வேலை கூடியது, ஜனங்கள் மோசேயைத் திட்டினார்கள். அதை வாசித்திருந்தும் எங்களுக்கு உறைக்கவில்லை.

மே முதல் வாரம் பாஸ்டர், நான், கொத்தடிமை மீட்பில் அனுபவமுள்ள தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு பெண் என மூவர் உட்கார்ந்து பேசினோம். மறுபடி முதலாளியிடம் பேசலாம், காவல் நிலையம் போகலாம், கோட்டாட்சியரிடம் போகலாம். உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போனால் அரைமணி நேரத்தில் சூளைக்குத் தகவல் போகும் என்று அந்தத் தொண்டு நிறுவனப் பெண் சொன்னார். விடுதலைச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும்தான் உண்டு. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வெளியே வந்தால் சட்டத்தின் கண்ணில் ‘கடன் கட்டாமல் ஓடிப்போனவர்கள்’ ஆகிவிடுவார்கள், மறுவாழ்வு உதவியும் கிடைக்காது. ஆகவே கோட்டாட்சியர்.

இரண்டு விஷயத்தில் உறுதியாக இருந்தோம். மனுவில் கைரேகையும் கையெழுத்தும் குடும்பங்களுடையதாகவே இருக்க வேண்டும், சபை பெயரில் போகக் கூடாது. அப்புறம், சபையில் அறிவிக்கக் கூடாது. சூளைக்கு லாரி ஓட்டுகிறவர்கள் எங்கள் சபையிலும் இருந்தார்கள். ஜெப விண்ணப்பமாகக்கூட இதைச் சொல்லவில்லை. பாஸ்டருக்கு அது உறுத்தலாகவே இருந்தது.

களத்தில் விசாரணை

மனு கொடுத்த மூன்றாம் நாள் காலை கோட்டாட்சியர், வட்டாட்சியர், தொழிலாளர் துறை ஆய்வாளர் மூவரும் வந்தார்கள். முதலாளி முன்னால் வைத்துக் கேட்டபோது எல்லோரும், “நல்லாத்தான் வச்சிருக்காங்க” என்றார்கள். மனுவில் கைரேகை வைத்தவர்களும் அதையே சொன்னார்கள். கோட்டாட்சியர் இதை எதிர்பார்த்தவர் போலிருந்தார். ஒவ்வொரு குடும்பத்தையும் தனியாக வேப்ப மரத்தடிக்குக் கூப்பிட்டார். அங்கேதான் புதுக் குடும்பத்துப் பெண் புடவை மடிப்பிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

சூளைப் பதிவேட்டையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு 15ஆம் பிரிவுப்படி கடன் கொடுத்தவருடையது. அன்று கணக்குப்பிள்ளையால் 31,000 எப்படி வந்தது என்று சொல்ல முடியவில்லை. இரவு எட்டு மணிக்கு மூன்று குடும்பங்களின் பதினோரு பேருக்கும் விடுதலைச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். மாற்றி அனுப்பப்பட்ட பையனும் வந்து சேர்ந்தான்.

சான்றிதழ் தகராறு

வழக்குப் பதிவில்தான் நாங்கள் யாரும் நினைத்திராத பிரச்சினை வந்தது. கொத்தடிமைச் சட்டப் பிரிவுகள் மூன்று குடும்பத்துக்கும் பொது. ஆனால் பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கொத்தடிமையாக வேலை வாங்கினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அதில் தனி நீதிமன்றம், தனி நிவாரணத் தொகை, முன்ஜாமீனுக்குத் தடை எல்லாம் உண்டு. இருளர் குடும்பங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தியது. பழங்குடி அந்தஸ்துக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை. மூன்றாவது குடும்பத்துக்குப் பொருந்தவில்லை.

அந்தப் பெண்ணின் சான்றிதழில் இருந்தது ‘கிறிஸ்தவ ஆதி திராவிடர்’. தமிழ்நாட்டில் அது பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதி அந்தஸ்து என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியேதான். சென்னையில் செருப்புத் தைக்கும் கிறிஸ்தவத் தொழிலாளி ஒருவர், இந்துத் தொழிலாளிக்குக் கொடுத்த பெட்டிக்கடையை எனக்கும் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் அவர் மனு தள்ளுபடியானது.

ஒரே களம், ஒரே மேஸ்திரி, திட்டும்போது ஒரே சாதிப் பெயர்கள். ஆனால் ஒரே எஃப்.ஐ.ஆரில் இரண்டு குடும்பம் ஒரு சட்டத்திலும் மூன்றாவது குடும்பம் இன்னொன்றிலும் நின்றன. நான் அதைப் படித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது திருவிருந்து வரிசைதான்.

உதவி செய்ய வந்த ஒருவர் ஒரு வழி சொன்னார். கணவனின் பள்ளிச் சான்றிதழில் ‘இந்து ஆதி திராவிடர்’ என்றே இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்ததை யாரும் கேட்கப் போவதில்லை. அவர் பெயரில் வன்கொடுமைப் பிரிவைச் சேர்த்துவிடலாம். பாஸ்டரிடம் கேட்டார்கள். ஞானஸ்நானம் நடக்கவில்லை என்று தான் எழுதித்தர முடியாது, ஆனால் எதைச் சொல்வது என்பதைக் குடும்பமே முடிவு செய்யட்டும் என்றார். அவர் அப்படி ஒதுங்கியது சரியா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. இப்படியொரு நிலைமையில் இருப்பவர்களின் தலையில் அந்தப் பாரத்தையும் வைத்ததுபோல இருந்தது.

கணவன் ஒரு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணத்தில் விசுவாச வீரம் ஏதும் இல்லை. “நாளைக்கு கோர்ட்ல ஞானஸ்நானச் சீட்டைக் காட்டுவாங்க சார். நான் பொய்யின்னு ஆயிட்டா நோட்டும் பொய்யின்னு ஆயிடும்.”

சமாதானத் தூது

ஜூலையில் முதலாளி தரப்பிலிருந்து பாஸ்டர் வீட்டுக்கு வந்தார்கள். பழத்தட்டோடு. “கிறிஸ்தவங்க மன்னிக்கிறவங்கதானே, நீங்களே எடுத்துச் சொல்லுங்க” என்றார்கள். குடும்பத்துக்கு 50,000 தருவதாகப் பேச்சு. பாஸ்டர் தன் பேச்சாக எதையும் சேர்க்காமல் மூன்று குடும்பத்திடமும் அதைச் சொன்னார்.

ஒரு இருளர் குடும்பம் ஒத்துக்கொண்டது. அவர்களுக்கு மகள் கல்யாணம் இருந்தது. மற்ற இருவரும் மறுத்தார்கள். அந்தப் பெண் சொன்னது சபையில் பிறகு நிறையப் பேசப்பட்டது: “மன்னிப்பு நான் குடுக்கறது. கணக்கு அவர் குடுக்கறது. அவர் அதைக் குடுத்துட்டு வரட்டும், நான் இதைக் குடுக்கறேன்.” பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, இயேசுவை வீட்டுக்குள் வைத்துக்கொண்டுதான், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்றான் என்பதைப் பாஸ்டர் அடுத்த வாரம் பிரசங்கித்தார். அந்த ஞாயிறோடு லாரிக்காரக் குடும்பம் ஒன்று சபைக்கு வருவதை நிறுத்தியது.

பிறகு நடந்தவை

2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டப்படி உடனடி உதவியாக அன்று ஒருவருக்கு 20,000 ரூபாய் வரை உண்டு. இப்போது அது 30,000. வந்து சேர நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் சபைதான் அரிசி கொடுத்தது. முழு மறுவாழ்வுத் தொகை, ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், வழக்கில் தண்டனை ஆனால்தான். வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. சமாதானமாகப் போன குடும்பம் சாட்சிக் கூண்டில், தாங்கள் விருப்பப்பட்டே வேலை செய்ததாகச் சொன்னார்கள். அவர்களைச் சபையில் யாரும் கேட்கக் கூடாது என்று பாஸ்டர் சொல்லி வைத்திருந்தார். கேட்டவர்களும் உண்டு. அந்தக் குடும்பம் கொஞ்ச நாளில் ஊர் மாறிப் போனது.

மற்ற இருளர் குடும்பத்துக்கு வன்கொடுமைச் சட்ட நிவாரணத்தின் முதல் தவணை கிடைத்தது. அவர்கள் அதில் பாதியை மூன்றாவது குடும்பத்துக்குக் கொடுக்கப் போனார்கள். அந்தப் பெண் வாங்கவில்லை. கடைசியில் ஒரு ஆட்டுக்குட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார். மூன்றாவது குடும்பத்துக்கு ஒன்றரை வருடம் அலைந்து இரண்டு சென்ட் வீட்டுமனைப் பட்டாவும் ரேஷன் அட்டையும் கிடைத்தன. மகள் எட்டாவதில் சேர்ந்தாள்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதல் தம்பதிக்காகச் சூளையில் கட்டிய 38,000 ரூபாயை அவர்கள் கையிலேயே கொடுத்து, கோட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். இப்போது சபையில் யாரை விடுவிப்பதற்கும் முதலாளிக்குப் பணம் கொடுப்பதில்லை. அதே தொகையை விடுதலையான பிறகு ஆறு மாதச் செலவுக்கு என்று தனியாக எடுத்து வைக்கிறோம்.

குடும்பங்களைக் கேட்காமல் மூப்பர்கள் பேசப் போனதுதான் பெரிய சேதம். 1,300 கல் அறுத்த அந்த இரண்டு மாதத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

சான்றிதழ் விஷயத்தை மனு எழுதும் முன்பே பேசியிருக்கலாம். சட்டம் எங்கே கைவிடும் என்று குடும்பத்துக்கு முதலிலேயே தெரிந்திருந்தால், அந்த ஒரு நாள் யோசனை அவ்வளவு கொடுமையாக இருந்திருக்காது.

‘கர்த்தர் பார்த்துக்குவார்’ என்கிற வார்த்தையைப் பற்றி எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அந்தப் பெண்ணும் அதை நம்புகிறவர்தான். ஆனால் பார்க்கிறவருக்குக் காட்ட ஒரு நோட்டும் வைத்திருந்தார்.

கடைசியாகச் சுவர். ஒருநாள் கூட்டம் முடிந்து போகும்போது, சுற்றுச்சுவர் கட்டியது போக மீந்து கிடந்த கற்களை அவர் குனிந்து பார்த்தார். சூளையின் எழுத்து பதிந்த குழியில் ஓர் எழுத்தின் கால் உடைந்திருந்தது. “இது எங்க அச்சு” என்றார். முதல் சீசனில் அவர்கள் கைக்குக் கிடைத்தது அந்த உடைந்த அச்சுதானாம். இலவசமாக வந்த 5,000 கல்லும் அவர்கள் அறுத்தவை.

சபைக் குழுவில் பேசி, ஆயிரத்துக்கு 700 வீதம் 3,500 ரூபாய் கொடுத்தோம். தர்மக் கணக்கில் எழுதவில்லை. ‘கூலி பாக்கி’ என்று புதிதாக ஒரு தலைப்புப் போட்டேன். வவுச்சரில் அவர் கைரேகை வைத்தார், மகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு காணிக்கைப் பையில் அவர் பெயர் எழுதிய கவரில் 350 ரூபாய் இருந்தது. தசமபாகம். அதை வாங்கலாமா கூடாதா என்று அரைமணி நேரம் பேசினோம். பிறகு நான் வரவில் எழுதினேன்.